ரெஜினா வீட்டுப் பத்தாம் படி

ஐப்பசி பிறந்த ஐந்தாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கோரைத்தாங்கல் நான்காவது தெருவில் இருந்த இருபத்தாறு வீட்டுக்காரர்களும் தரையிலிருந்து நாலடி உயரத்தில் மிதந்தபடிதான் கண் விழித்தார்கள். பாயில் படுத்தவர்கள் பாயோடும், கட்டிலில் படுத்தவர்கள் கட்டிலைக் கீழே விட்டுவிட்டும், நாற்காலியிலேயே தூங்கிப் போனவர்கள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயும் இருந்தார்கள். இட்லி மாவு விற்கும் அமிர்தவல்லி புரண்டு கால்களைத் தொங்கவிட்டாள்; பாதம் தரையில் பட்டது; எழுந்து நின்றாள். மார்பு வரைக்கும் தண்ணீர். லேசான பச்சை நிறம், தெளிந்த தண்ணீர், கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாகப் போயின, ஆனால் புடவை நனையவில்லை, தலையணை நனையவில்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு தேதிகூட ஊறவில்லை. அவள் முதலில் போய்ப் பார்த்தது மாவுத் தொட்டியைத்தான். விரலை விட்டு எடுத்தாள். மாவு நேற்று ராத்திரி ஆட்டி வைத்த பதத்தில் கெட்டியாகத்தான் இருந்தது. மாவு சரியாக இருந்தால் உலகத்தில் மற்றதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கட்சி.

அப்புறம்தான் புருஷன் நினைவு வந்தது. தயாநிதி இருபத்தேழு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து கூடத்துக் கட்டிலே கதியென்று கிடந்தவர். கட்டில் காலியாக இருந்தது. அவள் அலறுவதற்கு வாயைத் திறந்த நேரத்தில் கட்டிலின் தலைமாட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அமிர்தம், காப்பிய இங்க கொண்டா. நான் ஜன்னலாண்ட இருக்கேன்."

தண்ணீரின் மேல்மட்டத்தில் மல்லாந்து மிதந்துகொண்டு, நல்லாயிருந்த இடது கையால் மெல்லத் துழாவித் துழாவி, மூன்று வருஷமாகக் கட்டிலிலிருந்தே எட்டிப் பார்த்த ஜன்னலை அவர் பக்கத்தில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அமிர்தவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே போய்க் காப்பி போட்டாள். அந்தத் தண்ணீருக்குள் அடுப்பும் எரிந்தது, தீக்குச்சியும் பற்றியது.

இது ஏன் வந்தது, எப்படி வந்தது என்று தெருவில் அதிகம் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் முன்பு ஏரி இருந்தது, பிறகு மண்ணடித்து மனை போட்டார்கள், ஏரி தன் இடம் எதுவரை என்று ஒருதரம் காட்டிவிட்டுப் போக வந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னார்; அதை மறுத்துப் பேச நேரமில்லாமல் பள்ளிக்கூட வேன் வந்துவிட்டது. நின்றால் தரை, படுத்தால் மிதப்பு, மூச்சுக்கு ஒரு தடையும் இல்லை, ஜில்லென்று இருக்கும், நனைக்காது: இவ்வளவுதான் அந்தத் தண்ணீரின் சட்டம். மூன்றாம் நாளே தெரு அதற்குப் பழகிவிட்டது. விரால் மீன்கள் சீரியல் நேரத்தில் டி.வி.க்குக் குறுக்கே போனால் பெண்கள் கையால் ஓட்டினார்கள். பிடிக்கப் போனால் மீன் கைக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. மூன்றாவது வீட்டுப் பூனை இதனாலேயே மனம் வெறுத்து இளைத்துப் போனது. தாலுகா அலுவலகத்திலிருந்து ஒருவர் டேப்போடு வந்து உயரத்தை அளந்தார், சட்டையைத் தொட்டுப் பார்த்தார், ஈரம் இல்லாத காரணத்தால் இதை வெள்ளம் என்று எழுத வழியில்லை என்று சொல்லிவிட்டு, முழங்காலுக்குக் குறுக்கே வந்த ஒரு கெளுத்தி மீனைத் தாண்டிப் போனார்.

விஷயத்தைச் சரியாகப் பிடித்தவர் நலச்சங்கச் செயலாளர் குப்புராஜ். சாதாரணமாக அவர் கூட்டம் போட்டால் குப்பை வண்டி பற்றி மட்டுமே பேசுவார், வருகிறவர்களும் பிஸ்கட்டுக்குத்தான் வருவார்கள். அன்றைக்குப் பிள்ளையார் கோயில் வாசலில், தோள் வரைக்கும் தண்ணீரில் நின்றுகொண்டு அவர் சொன்னது இன்றைக்கும் தெருவில் பேச்சாக இருக்கிறது.

"தண்ணி எவ்ளோ உசரம் வரும்னு தண்ணியே வந்து சொல்லிட்டுது. எது மெதக்கும், எது முழுகும்னு கண்ணுக்கு நேரா காட்டுது. இதுக்கு அப்புறமும் சும்மா குந்திக்கினு இருந்தா நம்மள மாதிரி மட்டிங்க எங்கயும் கெடையாது."

அவ்வளவுதான், தெரு முழுக்க நீலச் சாயத்தில் கோடு விழுந்தது. வீட்டுக்கு வீடு, உள்ளேயும் வெளியேயும், தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் போகப்போகிற சாமான், மேலே இருப்பதெல்லாம் மிஞ்சப்போகிற சாமான். பார்த்தால், இருபத்தாறு வீட்டிலும் பட்டா, ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரம் எல்லாம் இரும்பு பீரோவின் அடித்தட்டில்தான் இருந்தன, அதுதான் பத்திரம் என்று எல்லாருமே நினைத்திருந்தார்கள். அவை பிளாஸ்டிக் உறைக்குள் போய், மஞ்சள் பையில் விழுந்து, பரணுக்கு ஏறின. கேஸ் சிலிண்டர்கள் சமையலறைகளில் மிதந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. வால்வை மூடிக் கயிறு போட்டுக் கட்டுவது என்று வழக்கமாயிற்று. கோட்டுக்குக் கீழிருந்த பிளக் பாயிண்டுகளைப் பார்த்தவர்கள் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று முதல் தடவையாகத் தேடினார்கள். ஒரு வீட்டில் அதன் மேல் பிறந்தநாள் படம் மாட்டியிருந்தது. வீட்டுக்கொரு பை தயாராயிற்று: டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டி, அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பத்து நாள் மாத்திரை, கொதிக்க வைத்த தண்ணீர், போன் நம்பர்களைக் கையால் எழுதிய ஒரு தாள். பையில் என்ன வைத்தாய் என்று கேட்பது தெருவில் குசலம் விசாரிப்பதுபோல ஆகிவிட்டது.

அமிர்தவல்லியின் பைதான் தெருவிலேயே முதல் பை. கிரைண்டரை மேசை மேல் ஏற்றினாள், அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினாள், பிரிட்ஜைக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டினாள். கீழே விட்டது ஒன்றே ஒன்று, வியாபாரத்துக்கு அள்ளிக் கொடுக்கிற சின்ன மாவுத் தொட்டி. ஒவ்வொரு தடவையும் மேசையிலிருந்து இறக்கி ஏற்ற அவள் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது தயாநிதி காலண்டர் பக்கமிருந்து மிதந்து வந்தார்.

"எல்லாத்தையும் மேல ஏத்திட்ட, சந்தோஷம். என்ன எப்ப ஏத்துவ?"

அவள் சுவரைப் பார்த்தாள். நீலக் கோடு கட்டிலுக்கு இரண்டரை அடி மேலே ஓடியது. இந்தத் தண்ணீர் அவரைத் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறது. நிஜத் தண்ணீர் வந்தால் கொஞ்சாது, மூழ்கடித்துவிடும். அவளால் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே முடியாது. இவ்வளவும் அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் அரிசி மூட்டை, கிரைண்டர் என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் நினைக்காமல் இருந்தாள்.

ஏனென்றால் அந்த வரிசையில் மாடி இருந்தது பக்கத்து வீட்டில் மட்டும்தான், அந்த மாடிக்குத் தெருவிலிருந்தே படி இருந்தது, அந்தப் படி ரெஜினாவுடையது. ரெஜினா முப்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். மாடியை வெளிநாட்டிலிருந்த மகன் கட்டிக் கொடுத்தான். ஒரு காலத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் மேல் இட்லியும் மீன்குழம்பும் போகவர இருந்தன. ரெஜினாவின் முருங்கை மரத்திலிருந்து கம்பளிப்பூச்சி அமிர்தவல்லியின் மாவில் விழுந்த வருஷம் அது கெட்டது. ஒன்று விழுந்தது, சொன்னாள். இரண்டு விழுந்தது, கத்தினாள். ரெஜினா வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருந்த வாரத்தில் அமிர்தவல்லி ஆளை வைத்து மரத்தை அடியோடு வெட்டிவிட்டாள். திரும்பி வந்து பார்த்த ரெஜினா பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இன்னிக்கு சொல்றேன் கேட்டுக்க. ஒன் ஊட்டு ஆளுங்க காலு என் படில படக் கூடாது," என்றாள். நாலு வருஷம் ஆயிற்று. படவில்லை.

"குப்புராஜ் சாராண்ட கேக்குறேன்," என்றாள் அமிர்தவல்லி.

"அவருக்கே குடலிறக்கம். அவர யார் தூக்குறது?"

"அப்ப கட்டில ஒசத்துறேன்."

ஒசத்தினாள். கட்டில் காலுக்கு நாலு செங்கல், அப்புறம் எட்டு, அப்புறம் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் கட்டில் கோட்டைத் தாண்டியது, ஆனால் தயாநிதியின் மூக்குக்கும் மின்விசிறிக்கும் நடுவே ஒரு ஜாண்கூட இல்லை. தலைமுடி வெட்டிக்கொள்ளச் செலவில்லை என்றார் அவர். அவள் கோபத்தில் செங்கல்லை எல்லாம் திரும்ப எடுத்தாள். "ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிடுவ?" என்று அவர் கேட்டதற்கு, கேட்டால் ரெஜினா மாட்டேன் என்று சொல்லிவிடுவாளே, அப்புறம் நான் என்ன பண்ணுவேன் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் சமையலறைக்குப் போனாள். கேட்காத வரைக்கும் இல்லை என்று ஆகவில்லையே என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பிடி.

தயாநிதி மட்டும் அந்த வாரங்களில் ராஜாவாக இருந்தார். காலையில் வாசல் வழியாகத் தெருவுக்கு மிதந்து போனால் மத்தியானம்தான் திரும்பினார். தெருவில் வீட்டைவிடப் பள்ளம் அதிகம், தண்ணீர் ஐந்தரை அடி, ஆகவே நடந்து போகிறவர்களின் தலைக்கு மேலே அவர் போனார். கழுத்தில் பழைய விசில் தொங்கியது. மீன் கூட்டத்தைப் பார்த்து "முன்னால போ, முன்னால போ, பின்னால எடம் இருக்கு" என்றார். தெருக்கோடி வரை போய் ஒரு விசில், திரும்பினால் இரண்டு விசில். சில நாள் அவர் மேல் மீன்குழம்பு வாசனை அடித்தது. அமிர்தவல்லி அதைக் கவனித்தாள், ஆனால் சுற்றிலும் இத்தனை மீன் நீந்தும்போது வாசனை வராமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. முதல் நாள் சாதாரண மழை, இரண்டாம் நாள் கனத்த மழை, மூன்றாம் நாள் ஊரே தெரியாத மழை. தெரு பயப்படவே இல்லை. முப்பத்தைந்து நாளாகத் தண்ணீருக்குள் வாழ்ந்தவர்களுக்குத் தண்ணீரைப் பார்த்தால் என்ன பயம்? கால் ஈரமாக இருந்தது, மழையில் கால் ஈரமாகத்தானே இருக்கும். சில்லென்றிருந்தது, அது என்றைக்கும் அப்படித்தானே. பைகள் எல்லாம் பரணில் தயாராக இருந்தன, கோடு எல்லாம் சுவரில் பளிச்சென்று இருந்தது, எல்லாரும் வெள்ளம் வருகிறதா என்று தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துப் பயன் இல்லை. தெரிந்த தண்ணீருக்கு அடியில், அதே நிறத்தில், அதே தெளிவில், நிஜத் தண்ணீர் ஏற்கனவே வந்து கணுக்கால் வரைக்கும் நின்றிருந்தது, கண்ணாடிக்குள் கண்ணாடி வைத்தால் தெரியாததுபோல ஒருவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ஒருத்தி மாவு வாங்கக் குடையோடு வந்தாள். அமிர்தவல்லி கரண்டியைத் தொட்டியில் விட்டுத் தூக்கினாள். மாவு கரண்டியிலிருந்து ஒழுகியது.

அவள் திரும்பவும் விட்டுத் தூக்கினாள். மோர்போல ஒழுகியது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் மாவு ஒருநாளும் இப்படி நீர்த்ததில்லை; இந்தத் தண்ணீருக்குள்ளேயே முப்பத்தைந்து நாள் இருந்தும் நீர்த்ததில்லை. தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து ஒரு ஜாண். அப்படியானால் தண்ணீர் ஒரு ஜாணைத் தாண்டிவிட்டது.

"தண்ணி வந்திட்டுதுடி!" என்று கத்தினாள். "நெஜத் தண்ணி!"

எதிர்வீட்டு ஆள் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டே, "இது பழகுன தண்ணிதானேம்மா," என்றார்.

அப்போதுதான் தயாநிதி விசிலை எடுத்தார். வாயில் பாதிதான் அவர் பேச்சைக் கேட்கும். அந்தப் பாதியில் விசிலைக் கடித்து, இரண்டு கன்னத்துக்குமான காற்றை ஒரு கன்னத்தில் சேர்த்து, நீளமாக, நிறுத்தாமல் ஊதினார். அந்தத் தெருவில் பாதிப் பேர் இருபது வருஷம் அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனவர்கள். அந்த விசிலுக்கு அவர்கள் மூளை வேலை செய்வதற்கு முன்னால் கால் நின்றுவிடும். நின்றார்கள். திரும்பினார்கள். அமிர்தவல்லி மாவுத் தொட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் கரண்டியால் அள்ளி ஊற்றிக் காட்டினாள்.

"பாருங்கடி! மாவு நீத்துப்போச்சு!"

ஆண்கள் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. இருபத்தாறு வீட்டிலும் ஒரே நேரத்தில் மெயின் சுவிட்ச் அணைந்தது, சிலிண்டர் மூடப்பட்டது, பரணிலிருந்து பை இறங்கியது. குப்புராஜ் தன் பையோடு சங்கத்தின் மினிட் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு ஓடினார். தெருக்கோடிப் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போகிறவர்கள் போனார்கள்.

அமிர்தவல்லி பையைத் தோளில் மாட்டினாள். புருஷனின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, வாசல் வழியாக அவரை மிதக்கவிட்டே தள்ளிக்கொண்டு போனாள். உடம்பு இலவம்பஞ்சுத் தலையணைபோல வந்தது. கீழே நிஜத் தண்ணீர் அவள் முழங்காலைப் பிடித்து இழுத்தது, மேலே பொய்த் தண்ணீர் அவரைத் தாங்கியது. ரெஜினாவின் படியடியில் வந்து நின்றாள். வேறு வழி யோசிக்க ஒன்றும் இல்லை. முதல் படியில் கால் வைத்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் ஏற ஏற, தண்ணீர் மட்டத்தோடு மட்டமாக அவர் கூடவே வந்தார். ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்பதாம் படியோடு தண்ணீர் முடிந்தது. அதற்கு மேலே வெறும் காற்று, வெறும் மழை, இன்னும் ஒன்பது படி. அவரைத் தண்ணீரை விட்டு ஒரு விரற்கடை மேலே தூக்கிப் பார்த்தாள். எழுபது கிலோவும் அப்படியே வந்து அவள் மணிக்கட்டில் இறங்கியது. திரும்பத் தண்ணீரில் விட்டாள். மழையில் கண் தெரியவில்லை. நாலு வருஷமாக அவள் வாயில் வராத அந்தச் சொல் அழுகையோடு சேர்ந்து வெளியே வந்தது.

"அக்கா!"

"எதுக்குடி கத்துற? இங்கதான நிக்குறேன்."

பத்தாம் படியில் ரெஜினா நின்றிருந்தாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். காலடியில் கனத்த போர்வை ஒன்று விரித்துத் தயாராக இருந்தது, அதன் நாலு மூலையும் ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்கும் முறையில் சுருட்டி முடிச்சுப் போட்டிருந்தது. அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டு ஆள் வாயில் பற்பசையோடு நின்றார், அவருக்குப் பக்கத்தில் அவர் மச்சான்.

"படில கால் படக் கூடாதுன்னு சொன்னீங்களேக்கா," என்றார் தயாநிதி மிதந்துகொண்டே. "நான் கால் வெக்கலியே. மெதந்துதான் வந்தேன்."

"வாய மூடு தம்பி. தெனம் வந்து கொழம்பு வாங்கித் தின்னுட்டு நாயம் பேசுது." ரெஜினா அமிர்தவல்லி பக்கம் திரும்பினாள். "ஒன் புருசனுக்கு மேல கட்டில் போட்டு, ஜன்னலாண்ட தலமாடு வெச்சு, இன்னியோட ஒரு மாசம் ஆவுது. அத்தினி நாளா தெனம் பாக்குறேன், இன்னிக்கு வருவா, நாளிக்கு வருவான்னு. அரிசி மூட்டைய ஏத்தத் தெரிஞ்சிது, ஒரு வார்த்த வந்து கேக்கத் தெரியலியா ஒனக்கு?"

"முருங்க மரத்த வெட்டுனது தப்புதான்க்கா."

"அத அப்புறம் பேசிக்கலாம். இடுப்பாண்ட புடி. முதுக வளைக்காத, முட்டிய மடக்கித் தூக்கு. ஏ, பல்லு தேய்க்குறவரே, அந்த மூல ஒங்களுது."

நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்தார்கள். தயாநிதி இரண்டு விசில் கொடுத்தார். எழுபது கிலோவும் பத்தாம் படியில் ஏறியது.

அன்று மாலைக்குள் நிஜத் தண்ணீர் பொய்த் தண்ணீரை முழுக்க நிரப்பிவிட்டது. நீலக் கோட்டைத் தொட்டது, ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை, அங்கேயே நின்றது. ரெஜினாவின் மாடியில் ஏழு குடும்பம் அவலும் வெல்லமும் தின்றுகொண்டு மூன்று நாள் இருந்தது. யார் பையில் எது குறைகிறது என்று பார்த்துச் சிரித்தார்கள். குப்புராஜின் பையில் டார்ச் இருந்தது, அதற்குப் பேட்டரி இல்லை, அது சங்க வரலாற்றில் இடம்பெற்றது. தண்ணீர் வடிந்தபோது இரண்டும் சேர்ந்தே வடிந்தன. சேறு மிஞ்சியது, தெருவில் நூற்றுமூன்று பேர் இருந்தார்கள், நூற்றுமூன்று பேரும் மிஞ்சினார்கள். வீட்டுக் கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்ததும் தயாநிதி ஒருதரம் இடது கையால் காற்றைத் துழாவிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் ரெஜினா வாசலில் வந்து நின்றாள், கையில் போர்வை. பின்னால் எதிர்வீட்டு ஆளும் மச்சானும். "மேல காத்து நல்லா வருது, தம்பிய கூட்டினு போலாம்னு வந்தோம்," என்றாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அது நடக்கிறது. மழைக்காலத்துக்கு ஒத்திகை என்று குப்புராஜ் அதை மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார், எழுதட்டும். அமிர்தவல்லி நட்ட முருங்கைப் போத்து சுவருக்கு அந்தப் பக்கம் தழைத்திருக்கிறது; மாவுத் தொட்டிக்கு மூடி வாங்கியிருக்கிறாள். போர்வையின் நாலு மூலையை நாலு பேர் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று ரெஜினா எண்ண, பதினெட்டுப் படியும் ஏறுகிறார்கள். ஒன்பதாம் படி வந்ததும் பழக்க தோஷத்தில் எல்லாரும் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள்.

"இதுக்கு மேலதான் கனம், பாத்துப் புடிங்க," என்கிறாள் ரெஜினா, ஒவ்வொரு வாரமும்.

முதல் படியிலிருந்தே கனம்தான். யாரும் அதைச் சொல்வதில்லை. தயாநிதி நாலு பேருக்கும் நடுவில் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு, நல்ல கையால் லேசாகத் துழாவிக்கொண்டே, இரண்டு விசில் கொடுக்கிறார்.